ஐம்பது வருஷம் மட்டும் திறந்திருந்த மலை

மலையேற்றக் கதை என்றால் பெரும்பாலும் கடைசி நூறு அடியில்தான் விறுவிறுப்பு இருக்கும். நந்தா தேவி கதை அப்படி இல்லை. அந்த மலையின் அடிவாரத்தில் போய் நிற்பதற்கே வெள்ளைக்காரர்களுக்கு 1883இலிருந்து 1934 வரை ஆயிற்று. நின்ற பிறகு இன்னொரு ஐம்பது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 1983இல் அரசாங்கம் பூட்டுப் போட்டுவிட்டது. இடையில் அங்கே நடந்த கூத்துகளைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு இமயமலையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பூட்டின மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறவனுக்குத்தான் அந்தக் கதை இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் மலையைச் சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டில் இருக்கிறது. இரண்டு தலை. மேற்கே இருப்பது பெரியது, 7,816 மீட்டர். கிழக்கே இருப்பது 7,434 மீட்டர், அதை சுனந்தா தேவி என்றும் சொல்கிறார்கள், அக்கா தங்கை மாதிரி. இரண்டையும் இணைப்பது சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு முகடு, இந்த முகட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 1975இல் சிக்கிம் நம்மோடு சேர்ந்து கஞ்சன்ஜங்கா வரும்வரை இந்தியாவின் உயரமான மலை இதுதான். இப்போதும் கஞ்சன்ஜங்கா நேபாள எல்லைமேல் உட்கார்ந்திருப்பதால், முழுக்க நம் நாட்டுக்குள்ளேயே இருப்பதில் உயரமானது என்ற பெருமை நந்தா தேவிக்குத்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்திலேயே உயரமான மலை இதுதான் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

உயரம்கூடப் பெரிய விஷயம் இல்லை. மலையைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கும் மேல் சுற்றளவில் பனிமலைகளாலேயே ஒரு கோட்டைச் சுவர் நிற்கிறது. அந்தச் சுவர் எந்த இடத்திலும் ஏறக்குறைய 5,500 மீட்டருக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஒரே ஒரு வாசல், மேற்குப் பக்கம், ரிஷி கங்கை ஆறு பாறையை அறுத்துக்கொண்டு வெளியே வருகிற பிளவு. அதுவும் வாசல் என்று சொல்வதற்கில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் இரைச்சலோடு ஆறு, கால் வைக்க அங்கங்கே ஒரு முழ அகலத்துக்குப் பாறை விளிம்பு. உள்ளே போய்விட்டால் புல்வெளி, பூ, மனுஷனைப் பார்த்து ஓடத் தெரியாத நீல ஆடுகள், எல்லாவற்றுக்கும் நடுவில் தனியாக அந்த மலை.

கர்வால், குமாவுன் பக்கத்து ஜனங்களுக்கு நந்தா அவர்கள் வீட்டுப் பெண். சிவனுக்குக் கட்டிக்கொடுத்த பெண். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ராஜ் ஜாத் என்ற பெரிய யாத்திரை நடத்தி, நாலு கொம்புள்ள கிடா ஒன்றை முன்னால் நடத்திக்கொண்டு, மகளைப் புருஷன் வீட்டுக்கு அழுதுகொண்டே அனுப்பி வைக்கிறார்கள், 2014இல் நடந்தது. இதைப் படித்தபோது எனக்கு உடனே நம் பாபநாசம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இமயத்தில் சிவன் கல்யாணம் நடக்கிறது, உலகமே அங்கே திரண்டு வடக்கு தாழ்ந்துபோகிறது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே பொதிகைக்கு அனுப்புகிறார்கள், கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போன மனுஷனுக்குப் பாபநாசத்தில் வந்து மணக்கோலம் காட்டுகிறார் சாமி. அங்கே அவர்கள் பெண்ணை அனுப்பி வைத்த கல்யாணத்துக்குத்தான் இங்கே நம் ஆள் போக முடியாமல் போயிருக்கிறது. எனக்கு அந்த மலையோடு உறவு முறை இப்படித்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏறின கதை. 1883இல் வில்லியம் கிரஹாம் என்பவர் இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களோடு ரிஷி பிளவுக்குள் நுழையப் பார்த்துத் திரும்பினார். 1905இல் டாம் லாங்ஸ்டாஃப் என்ற டாக்டர் எதிர்ப்பக்கமாக, கிழக்கிலிருந்து சுவர்மேல் ஏறி, கிட்டத்தட்ட 5,900 மீட்டரில் உள்ள ஒரு கணவாயில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பார்க்கத்தான் முடிந்தது, இறங்க முடியவில்லை. 1907இல் திரும்ப வந்து ரிஷி பக்கம் முயன்று, அதுவும் ஆகாமல், பக்கத்தில் இருந்த திரிசூல் மலையில் ஏறிவிட்டுப் போனார். 7,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் ஏறியதாகப் பதிவானது அதுதான் முதல் தடவை. போன காரியம் நடக்காத எரிச்சலில் வழியில் ஒரு உலக சாதனை! அப்புறம் அல்மோராவில் அதிகாரியாக இருந்த ஹ்யூ ரட்லெட்ஜ் 1926, 1927, 1932 என்று மூன்று முறை மோதினார். சுவர் சுவராகவே இருந்தது.

1934இல்தான் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் வருகிறார்கள். பெரிய படை இல்லை, பணமும் இல்லை. கூட மூன்று ஷெர்பாக்கள். பிளவின் கடைசிச் சில மைல் தூரத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. விளிம்பு விளிம்பாகத் தடவிப் போய், மூட்டைகளைக் கயிற்றில் இறக்கி, ஏற்றி, ஒரு பக்கம் வழி அடைபட்டால் ஆற்றைத் தாண்டி மறுபக்கம் போய், ஒருநாள் உள்ளே புல்வெளியில் கால் வைத்தார்கள். அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை என இரண்டு முறை உள்ளே போய் நிலவரைபடம் வரைந்தார்கள். மலை ஏறவில்லை. வழி கண்டுபிடித்ததே போதும் என்று வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தெரு அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லைக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர், ஜோஷிமட் பக்கம் சில வருஷம் பனியில் நின்றவர். ஷிப்டன், டில்மன் என்று நான் அளந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "எய்யா, மேல ஏறுதவன் ரெண்டு பேரு, அவனுக்குச் சோறு தூக்கிட்டுப் போறவன் இருவது பேரு. நீ அந்த ரெண்டு பேரு பேரத்தான் எழுதுவ, என்ன?" என்றார். "இல்ல அண்ணாச்சி, மத்தவங்க பேரும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே எழுதுகிறேன்: 1934இல் அந்தப் பிளவைத் தாண்டிய ஐந்து பேரில் மற்ற மூவர் ஆங் தர்கே, பசங், குசாங்.

இரண்டு வருஷம் கழித்து, 1936இல், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்த ஒரு குழு. இந்தக் குழு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் இருந்த இரண்டு முக்கியமான ஆட்கள் அதே வருஷம் எவரெஸ்ட் குழுவில் வேண்டாம் என்று கழிக்கப்பட்டவர்கள். டில்மனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நோயல் ஓடெல் 45 வயதுக்காரர், 1924இல் எவரெஸ்டில் ஏறப் போய்த் திரும்பாத மல்லோரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்ணால் பார்த்தவர். வழியிலேயே கித்தார் என்ற ஷெர்பா வயிற்றுக்கடுப்பில் அடிவார முகாமில் இறந்துபோனார். மற்ற ஷெர்பாக்களும் நோயில் படுத்துவிட, மேலே சாமான் தூக்கியது பெரும்பாலும் இவர்களேதான்.

உச்சிக்குப் போக ஓடெலும், சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க இளைஞரும் என்று முடிவாகி, இரண்டு பேரும் மிக உயரத்தில் சின்னக் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். ராத்திரி டின்னில் அடைத்த மாட்டிறைச்சி சாப்பிட்டார்கள். ஹூஸ்டன் சாப்பிட்ட பங்கு கெட்டுப்போயிருந்தது. விடியும்போது ஆள் எழுந்திருக்க முடியாத நிலை. ஓடெல் கீழே இருந்த முகாமைப் பார்த்து, சார்லிக்கு உடம்பு சரியில்லை என்று தொண்டை கிழியக் கத்தினார். காற்றில் அது கீழே, சார்லி செத்துப்போனார் என்று கேட்டது. அலறி அடித்துக்கொண்டு டில்மன் கூட்டம் ஏறி வந்து பார்த்தால், செத்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கீழே அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு டில்மன் வந்தார். 1936 ஆகஸ்ட் 29 அன்று, எவரெஸ்டுக்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட இரண்டு பேரும் நந்தா தேவி உச்சியில் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். 1950இல் அன்னபூர்ணா வரும்வரை, மனிதன் ஏறி முடித்த சிகரங்களில் இதைவிட உயரமானது வேறு இல்லை. ஒரு டின் கறி மட்டும் கெடாமல் இருந்திருந்தால் சரித்திரத்தில் பெயர் மாறியிருக்கும்.

கிழக்குத் தலை 1939இல் போலந்துக்காரர்கள் கையில் வந்தது. ஜூலை 2இல் யாக்குப் பூயாக், யானுஷ் க்ளார்னர் இருவரும் ஏறினார்கள். அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொன்னால் யாரும் கதை விடுகிறேன் என்பார்கள். குழுத் தலைவர் ஆடம் கார்பின்ஸ்கியும் இன்னொருவரும் சில நாளிலேயே பக்கத்து திர்சூலி மலையில் பனிச்சரிவில் புதைந்தார்கள். போர் மூண்டது. பூயாக் 1945இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் காணாமல் போனார். க்ளார்னர் 1949இல் வார்சாவில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. நாலு பேரும் போயாயிற்று. தேவியின் சாபம் என்று ஐரோப்பாவிலேயே பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போலந்தில் அந்தப் பத்து வருஷத்தில் காணாமல் போக மலைச் சாபம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டு தலையும் ஆயிற்று, இப்போது நடுவில் அந்த முகடு. ஒன்றில் ஏறி, அப்படியே முகட்டோடு நடந்து, அடுத்ததில் இறங்குவது. யோசித்துப் பாருங்கள், ஏழாயிரம் மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கமும் பாதாளம், திரும்பி வர வழி இல்லை. 1951இல் பிரெஞ்சுக்காரர்கள் ரொஜே டுப்லாவும் கில்பெர் வின்யவும் பெரிய தலையிலிருந்து கிழக்கே போவதாகக் கிளம்பினார்கள். உச்சிக்குப் பக்கத்தில் அவர்களைப் பார்த்ததோடு சரி. எதிர்ப்பக்கத்தில் அவர்களுக்காகக் காத்திருந்த டென்சிங் நோர்கேயும் லூயி டுபோவும் தேடிக்கொண்டே கிழக்குச் சிகரத்தின் உச்சிவரை ஏறிவிட்டார்கள். ஆள் இல்லை. எவரெஸ்டில் ஏறிய பிறகும்கூட, தான் ஏறியதிலேயே கஷ்டமானது அந்தக் கிழக்குத் தலைதான் என்று டென்சிங் சொல்லியிருக்கிறார்.

அந்த முகடு 1976 வரை யாருக்கும் வசப்படவில்லை. அந்த வருஷம் இந்திய ஜப்பானியக் குழுவில் வந்த ஹசெகாவாவும் தகாமியும் கிழக்கே ஏறி, முகட்டிலேயே ராத்திரி தங்கி, மேற்கே வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு நடுவில் 1964இல் நரேந்திர குமார் தலைமையில் நம் ஆட்கள் முதன்முதலாகப் பெரிய சிகரத்துக்குப் போனார்கள், உச்சியில் நின்றவர்கள் நவாங் கோம்பு, தாவா நோர்பு. அண்ணாச்சிக்கு இது சந்தோஷமாக இருந்தது. 1981இல் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் என்று மூன்று பெண்களும் ஏறினார்கள்.

1976இல் இன்னொன்றும் நடந்தது. வில்லி அன்ஸோல்ட் என்ற அமெரிக்கர் இளவயதில் இந்த மலையைப் பார்த்து மயங்கி, பிறந்த மகளுக்கு நந்தா தேவி என்றே பெயர் வைத்தார். இருபத்திரண்டு வயதில் அந்தப் பெண் அப்பாவோடு அந்த மலையில் ஏறி, மேல்முகாமில் வயிற்றுக் கோளாறு முற்றி, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே இறந்துபோனாள். உடலை மலையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

அணுக்கருவி விவகாரத்துக்கு வருவோம். 1964 அக்டோபரில் சீனா லோப் நூரில் முதல் அணுகுண்டை வெடித்தது. அதை வேவு பார்க்க, அமெரிக்க உளவுத்துறையும் நம் உளவுத்துறையும் சேர்ந்து நந்தா தேவி உச்சியில் ஒரு கருவியை வைப்பதென்று முடிவு செய்தார்கள். மின்சாரத்துக்கு என்ன செய்வது? புளுட்டோனியத்தில் ஓடும் ஒரு மின்னாக்கி. 1965 மே மாதம் எவரெஸ்டில் ஒன்பது பேரை ஏற்றிய இந்தியக் குழுவின் தலைவர் எம். எஸ். கோலிதான் இதற்கும் தலைவர். புளுட்டோனியம் எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்பதால், குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அந்தச் சுமையைத் தூக்க ஷெர்பாக்களுக்குள் போட்டியாம். உள்ளே என்ன இருக்கிறதென்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? அக்டோபரில் வானிலை கெட்டுவிட, மேல்முகாமில் ஒரு பாறையோடு கருவியைக் கட்டி வைத்துவிட்டு இறங்கினார்கள். 1966இல் போய்ப் பார்த்தால் கருவியைக் காணோம், கட்டி வைத்த இடமே பனிச்சரிவில் போயிருந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை. 1967இல் பக்கத்து நந்தா கோட் மலையில் இன்னொன்றை வைத்தார்கள், அது கொஞ்ச மாசம் வேலை செய்தது. பன்னிரண்டு வருஷம் ஊருக்கே தெரியாது. 1978இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகு மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விஞ்ஞானிகள் குழு தண்ணீரைச் சோதித்து, கலப்பு எதுவும் இல்லை என்றது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றால், ரிஷி கங்கை தௌலி கங்கையில், தௌலி அலக்நந்தாவில், அலக்நந்தா கங்கையில். 2021 பிப்ரவரி 7 அன்று அந்த ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனபோது, ரைனி கிராமத்து ஜனங்கள் முதலில் சந்தேகப்பட்டது அந்தக் கருவியைத்தான். ரோந்தி மலையிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னால் சொன்னார்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் 1965இல் கேட்காமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கும்போது, ஊர்க்காரன் சந்தேகப்படுவதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1974இல் வெளிநாட்டுக்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான், குழு குழுவாக வந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நூற்றுக்கணக்கில் சுமையாட்கள், ஆடுகள், அடுப்புக்கு வெட்டிய மரங்கள், போட்டுவிட்டு வந்த டின்கள். 1982இல் தேசியப் பூங்கா ஆக்கி, 1983இல் உள்ளே யாருமே போகக்கூடாது என்று மூடினார்கள். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1993இல் ராணுவப் பொறியாளர்கள் ஏறி, கிடந்த குப்பையை மூட்டை கட்டி இறக்கினார்கள்.

அதே 1988இல்தான் நம் களக்காடு முண்டந்துறையும் புலிகள் காப்பகம் ஆனது. ஐந்தலைப் பொதிகை என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லும் மலை, மழை விட்ட மறுநாள் காலையில் கல்லிடைக்குறிச்சி வாய்க்கால் பாலத்தில் நின்றால் ஐந்து தலையும் எண்ணிவிடலாம், ஆனால் நம் பக்கமாக ஏற முடியாது. 1,868 மீட்டர்தான், நந்தா தேவியில் கால்வாசிகூட இல்லை. போக வேண்டுமானால் கேரளாவுக்குப் போய், போணக்காடு வழியாக, அவர்கள் திறந்து வைக்கும் மாதங்களில் அனுமதி வாங்கி ஏற வேண்டும். பூங்குளத்தில் பிறந்து நம் வயலுக்கு வருகிற தாமிரபரணியின் தலையைப் பார்க்க நாம் மாநிலம் தாண்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் மூடியது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் கூட்டம் கலைந்த மறுநாள் காரையாற்றுக் கரையைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பை, பழைய துணி, அடுப்புக் கல், கண்ணாடித் துண்டு. திறந்துவிட்டால் உச்சிவரைக்கும் அதுதான் நடக்கும்.

என் சண்டை வேறு. மூடுவதற்கான விலையை யார் கொடுத்தது? நந்தா தேவி வாசலில் லாத்தா என்று ஒரு கிராமம். ரைனி அதன் பக்கத்து ஊர், 1974இல் கௌரா தேவியும் ஊர்ப்பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்ட விடாமல் நிறுத்திய அதே ரைனி. இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த இடம், மூலிகை எடுத்த இடம், குழுக்கள் வந்தபோது சுமை தூக்கிக் காசு பார்த்த இடம், எல்லாம் ஒரு உத்தரவில் போனது. குப்பை போட்டவன் விமானம் ஏறிப் போய்விட்டான். காட்டைக் காப்பாற்றியவளுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லை. இங்கே மயிலாறு, சேர்வலாறு பக்கம் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் போய்க் கேட்டால் தேன் எடுக்கப் போவதற்கும் வருவதற்கும் இதே மாதிரி ஆயிரம் கதை சொல்வார்கள். மறுபடி திறக்கலாமா என்ற பேச்சு அங்கே அவ்வப்போது எழுகிறது. திறந்தாலும் மூடினாலும் முதலில் லாத்தாவில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், டெல்லியில் அல்ல.

கிழக்குத் தலைக்கு மட்டும் சுவருக்கு வெளியே, மிலம் பக்கமாக வழி உண்டு என்பதால் அங்கே ஏறுவது முழுசாக நிற்கவில்லை. 2019 மே மாதக் கடைசியில் மார்ட்டின் மோரன் தலைமையில் போன எட்டுப் பேர் அங்கே பெயரில்லாத ஒரு சிகரத்தில் பனிச்சரிவில் இறந்தார்கள். இந்தோ திபெத் எல்லைக் காவல் படைதான் ஏழு உடல்களை மீட்டது. "ஏறுதவனுக்குப் பேரு, இறக்குதவனுக்குச் சம்பளம்" என்று அண்ணாச்சி அதற்கும் ஒன்று சொன்னார்.

ஏறாமல் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் பிடித்தால் நேரே நிஜாமுதீன். அங்கிருந்து ஹரித்வார், ரிஷிகேஷ், பிறகு ரோட்டில் ஜோஷிமட், மேலே ஔலி. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டதால் கிளம்பும் முன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு தலையும் சேர்ந்தாற்போல் தெரிய வேண்டும் என்றால் குமாவுன் பக்கம் கௌசானி, பின்சர் நல்லது, இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது. மழை முடிந்து அக்டோபர், நவம்பரில் போங்கள், விடியற்காலையில் எழுந்திருங்கள், பத்து மணிக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொள்ளும். கம்பளி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லச் சொன்னார், நம் ஊர் மார்கழிக்குப் போர்த்துகிற துண்டெல்லாம் அங்கே செல்லாது.